பரஸ்பர நிதி முதலீடு: ஒருவரிடம் எத்தனை திட்டங்கள் இருந்தால் போதும்?

புது தில்லி: பரஸ்பர நிதிகளில் (மியூச்சுவல் ஃபண்டு) சில ஆண்டுகளாகப் பணம் போட்டுவரும் குடும்பங்களின் கணக்கறிக்கையில் பத்து, பதினைந்து திட்டங்களின் பெயர்கள் இடம்பெறுவது இன்று அரிதல்ல. ஒரு திட்டம் சரிந்தாலும் மற்றவை காப்பாற்றும் என்ற நம்பிக்கையே இந்தப் பெருக்கத்துக்குக் காரணம். ஆனால், திட்டங்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடுவதில்லை. ஒரே பங்குகளைப் பல பெயர்களில் வாங்கி, செலவையும் குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் நிலையே பல நேரங்களில் ஏற்படுகிறது.

ஒருவர் எத்தனை திட்டங்களை வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்திலோ, பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதிகளிலோ வரம்பு எதுவும் இல்லை. முதலீட்டாளரே முடிவு செய்ய வேண்டிய இந்த விஷயத்தில், எண்ணைவிட முக்கியமானது ஒரு கேள்விதான்: கையில் உள்ள ஒவ்வொரு திட்டமும் மற்றொன்று செய்யாத வேலையைச் செய்கிறதா? அந்தக் கேள்விக்கு விடை காண உதவும் விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

எண்ணிக்கை பெருகுவது எப்படி?

எவரும் பதினைந்து திட்டங்கள் வேண்டும் என்று திட்டமிட்டு வாங்குவதில்லை. மார்ச் மாதத்தில் வரி சேமிப்புக்காக ஒன்று, வங்கி அலுவலர் பரிந்துரைத்தது ஒன்று, கடந்த ஆண்டு அதிக லாபம் தந்த பட்டியலில் முதலிடம் பிடித்தது ஒன்று, புதிதாக வெளியிடப்பட்ட திட்டத்தின் யூனிட் ரூ.10-க்குக் கிடைக்கிறது என்பதற்காக ஒன்று எனப் படிப்படியாகவே பட்டியல் நீள்கிறது.

இவற்றில் ரூ.10 யூனிட் மலிவானது என்ற எண்ணம் அடிப்படையிலேயே தவறானது. யூனிட்டின் விலை ரூ.10 ஆனாலும் ரூ.500 ஆனாலும், அதற்குள் இருக்கும் பங்குகள் 10 சதவீதம் உயர்ந்தால் முதலீடும் (செலவுகளைக் கழிப்பதற்கு முன்) 10 சதவீதமே உயரும். கடந்த ஆண்டின் முதலிடமும் நிலையானதல்ல. அந்த ஆண்டில் ஏறிய துறை அல்லது பங்கு வகையே பெரும்பாலும் அந்த இடத்தைப் பெற்றுத் தந்திருக்கும். ஆண்டுதோறும் முதலிடத்தைத் துரத்துபவரின் கையில் பழைய முதலிடங்களின் தொகுப்பே மிஞ்சுகிறது.

ஒரு திட்டத்துக்குள்ளேயே இருக்கும் பரவல்

தனிப் பங்கு வாங்குவதற்கும் பரஸ்பர நிதி வாங்குவதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு பலரால் கவனிக்கப்படுவதில்லை. பங்கு சார்ந்த திட்டம் ஒன்று பொதுவாகவே பல பத்து நிறுவனங்களில் முதலீடு செய்திருக்கும். செபியின் பரஸ்பர நிதி விதிமுறைகளின்படி, மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் பங்குத் திட்டம் எதுவும் ஒரே நிறுவனத்தின் பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் பணத்தைப் போடுவதற்கு அனுமதி கிடையாது. நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஒரு திட்டத்தை வாங்கினாலே 50 பெரிய நிறுவனங்களில் பங்கு கிடைத்துவிடுகிறது.

ஆகவே, 'ஒரே திட்டம்' என்பது 'ஒரே இடம்' என்று பொருள்படாது. பரவலின் பெரும் பகுதி முதல் திட்டத்திலேயே நிறைவேறிவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது திட்டங்கள் அதற்கு மேல் எதைச் சேர்க்கின்றன என்பதே ஆராயப்பட வேண்டியது.

அபாயம் எவ்வளவு குறையும்? ஒரு கணக்கு

முதலீட்டைப் பரப்புவதன் பயனைக் கணித முறையில் விளக்கியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ். 1952-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்காக 1990-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எத்தனை பங்குகள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அவை ஒன்றோடொன்று எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அவரது ஆய்வின் சாரம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆண்டுக்கு 20 சதவீத ஏற்ற இறக்கம் கொண்ட பங்குத் திட்டம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதே ஏற்ற இறக்கமும், அதனுடன் 0.9 அளவுக்கு ஒத்தியங்கும் தன்மையும் கொண்ட வேறு திட்டங்களைச் சம அளவில் சேர்த்தால் கிடைக்கும் விளைவு இது:

• ஒரு திட்டம் மட்டும்: 20 சதவீதம்
• இரண்டு திட்டங்கள்: ஏறத்தாழ 19.5 சதவீதம்
• நான்கு திட்டங்கள்: ஏறத்தாழ 19.2 சதவீதம்
• பத்து திட்டங்கள்: ஏறத்தாழ 19.1 சதவீதம்

பத்தைத் தாண்டி நூறு திட்டங்கள் வாங்கினாலும் இந்த எண் 19 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். மாறாக, முதல் திட்டத்துடன் 0.2 அளவுக்கு மட்டுமே ஒத்தியங்கும் ஒரேயொரு முதலீட்டைச் சம அளவில் சேர்த்தால், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 15.5 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரே மாதிரியான பத்துத் திட்டங்களால் செய்ய முடியாததை, மாறுபட்ட ஒன்று செய்துவிடுகிறது.

கடன் பத்திரத் திட்டங்கள், தங்கம், வெளிநாட்டுப் பங்குகள் போன்றவை தொகுப்பில் இடம்பெறுவது இந்தக் காரணத்துக்காகவே. சந்தை முழுவதும் சரியும் காலத்தில், ஐந்தாவது பெருநிறுவனப் பங்குத் திட்டம் மற்ற நான்குடன் சேர்ந்தே சரியும்.

பெயர் வேறு, பங்குகள் ஒன்று

இரண்டு திட்டங்கள் எந்த அளவுக்கு ஒரே பங்குகளை வைத்திருக்கின்றன என்பதை முதலீட்டாளரே கணக்கிட்டுக்கொள்ள முடியும். ஒவ்வொரு நிதி நிறுவனமும் தன் திட்டங்களின் முழுப் பங்குப் பட்டியலை மாதந்தோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது. இரு பட்டியல்களிலும் பொதுவாக உள்ள ஒவ்வொரு பங்கிலும், எந்தத் திட்டத்தில் விகிதம் குறைவோ அந்த எண்ணை எடுத்துக் கூட்டினால் போதும்.

சான்றாக, மூன்று பங்குகள் முதல் திட்டத்தில் 9, 7, 4 சதவீதமும், இரண்டாவது திட்டத்தில் முறையே 6, 8, 4 சதவீதமும் இருந்தால், இந்த மூன்றால் மட்டும் ஏற்படும் ஒப்புமை 6 + 7 + 4 = 17 சதவீதம். பட்டியல் முழுவதற்கும் இப்படிக் கூட்டி வரும் எண் 60 அல்லது 70 சதவீதத்தை எட்டினால், இரண்டாவது திட்டம் பெரும்பாலும் முதல் திட்டத்தின் மறுபதிப்பே. இந்தக் கணக்கைத் தானாகச் செய்துதரும் இணையக் கருவிகளும் உள்ளன.

இரண்டு நிறுவனங்களின் நிஃப்டி 50 குறியீட்டுத் திட்டங்களை வாங்குபவர் ஒரே பொருளை இரு கடைகளில் வாங்குகிறார். நிஃப்டியும் சென்செக்ஸும் கூட ஏறக்குறைய அதே நிலைதான். ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ், ஹெச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் இரண்டிலும் அதிக விகிதத்தைப் பிடித்திருக்கின்றன.

செபியின் வகைப்பாடு சொல்வது என்ன?

திட்டங்களின் பெயர்கள் முதலீட்டாளரைக் குழப்பிய நிலையில், 2017 அக்டோபர் 6 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கை அவற்றை வகைப்படுத்தியது. ஒரு நிறுவனம் ஒரு வகையில் ஒரு திட்டத்தையே நடத்தலாம் என்றும் அது கூறியது. குறியீட்டுத் திட்டங்கள், துறை சார்ந்த திட்டங்கள் போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. அந்த வகைப்பாட்டின் முக்கிய எல்லைகள்:

• பெருநிறுவனத் திட்டம் (லார்ஜ் கேப்): சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில் குறைந்தது 80 சதவீதம்.
• நடுத்தர நிறுவனத் திட்டம் (மிட் கேப்): 101 முதல் 250 வரையிலான நிறுவனங்களில் குறைந்தது 65 சதவீதம்.
• சிறு நிறுவனத் திட்டம் (ஸ்மால் கேப்): 251-ஆவது இடத்திலிருந்து வரும் நிறுவனங்களில் குறைந்தது 65 சதவீதம்.
• மல்டி கேப்: மூன்று பிரிவுகளிலும் தலா குறைந்தது 25 சதவீதம். இது 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட மாற்றம்.
• ஃப்ளெக்ஸி கேப்: பங்குகளில் குறைந்தது 65 சதவீதம், பிரிவுகளுக்கிடையே பங்கீட்டை மேலாளரே முடிவு செய்யலாம். இந்த வகை 2020 நவம்பரில் சேர்க்கப்பட்டது.
• அக்ரசிவ் ஹைப்ரிட்: 65 முதல் 80 சதவீதம் பங்குகள், மீதம் கடன் பத்திரங்கள்.

முதலீட்டாளருக்கு இது தரும் பாடம் எளியது. ஒரே வகையில் இரண்டு, மூன்று திட்டங்கள் இருந்தால் அங்கேயே முதல் சந்தேகம் எழ வேண்டும். அடுத்தடுத்த வகைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடியவை. ஒரு பெருநிறுவனத் திட்டம், ஒரு ஃப்ளெக்ஸி கேப், ஒரு வரிச் சேமிப்புத் திட்டம் என மூன்றை வைத்திருப்பவர் மூன்று வகைகளில் இருப்பதாக நினைக்கிறார். ஆனால், மூன்றின் முதல் பத்து இடங்களிலும் ஒரே வங்கிகளும் ஒரே மென்பொருள் நிறுவனங்களும் இடம்பெற்றிருக்க வாய்ப்பு அதிகம்.

யாருக்கு எத்தனை?

பொதுவான அளவுகோலாக, பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்று முதல் ஐந்து திட்டங்கள் போதுமானவை. நிலைமைக்கேற்ப இது மாறும்.

முதன்முறையாகத் தொடங்குபவர், மாதம் ரூ.5,000 வரை எஸ்ஐபி முறையில் செலுத்துபவர்: ஒன்று அல்லது இரண்டு. பரந்த குறியீட்டுத் திட்டம் ஒன்று, அல்லது பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைப்ரிட் திட்டம் ஒன்று தொடக்கத்துக்குப் போதும். அவசரத் தேவைக்கான பணத்தை, 91 நாள்களுக்குள் முதிர்வடையும் பத்திரங்களில் மட்டும் முதலீடு செய்யும் லிக்விட் திட்டத்தில் அல்லது வங்கி வைப்பில் தனியாக வைக்கலாம்.

நீண்டகால இலக்குகளுக்குச் சேமிக்கும் ஊதியதாரர்: மூன்று அல்லது நான்கு. அடித்தளமாகப் பெருநிறுவனக் குறியீட்டுத் திட்டம் அல்லது ஃப்ளெக்ஸி கேப் ஒன்று. கூடுதல் ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடிந்தால் நடுத்தர அல்லது சிறு நிறுவனத் திட்டம் ஒன்று. நிலைத்தன்மைக்குக் கடன் பத்திரத் திட்டம் ஒன்று. விரும்பினால் தங்கம் அல்லது வெளிநாட்டுப் பங்குத் திட்டம் ஒன்று.

பெருந்தொகை வைத்திருப்பவர்: ஐந்து அல்லது ஆறு. மேலாளர் மாறினால் திட்டத்தின் போக்கும் மாறலாம் என்பதால், முக்கியப் பிரிவில் இரண்டு திட்டங்களைப் பிரித்து வைப்பதற்கு இங்கே நியாயம் உண்டு. எனினும், அவை வெவ்வேறு அணுகுமுறை கொண்டவையாக இருக்க வேண்டும். வேகமாக வளரும் நிறுவனங்களைத் தேடும் ஒன்றும், மதிப்புக்குக் குறைவான விலையில் உள்ள பங்குகளைத் தேடும் ஒன்றும் சேர்ந்திருப்பதில் பொருள் உள்ளது.

ஓய்வுபெற்றவர்: இரண்டு முதல் நான்கு. மாதாந்திரச் செலவுக்கான பணம் எந்தத் திட்டத்திலிருந்து வர வேண்டும் என்பது குழப்பமின்றித் தெரிய வேண்டும். அதிக எண்ணிக்கை இவர்களுக்குச் சுமையே.

இலக்குகள் பலவாக இருந்தால் திட்டங்களும் பலவாக இருக்க வேண்டும் என்பதில்லை. மகளின் மேற்படிப்புக்கும் ஓய்வுக்காலத்துக்கும் ஒரே திட்டத்தில் இரண்டு தனித்தனி ஃபோலியோ எண்களில் சேமித்து, கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரே நிறுவனத்தில் அனைத்தையும் வைக்கலாமா?

இந்தியாவில் பரஸ்பர நிதிகள் அறக்கட்டளை அமைப்பில் இயங்குகின்றன. முதலீட்டாளர்களின் சொத்துகள் நிர்வாக நிறுவனத்தின் சொந்தச் சொத்திலிருந்து பிரித்து, தனிப் பாதுகாவலர் நிறுவனத்திடம் வைக்கப்படுகின்றன. ஆகவே, நிர்வாக நிறுவனம் நொடித்தால் பணம் முழுவதும் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது.

ஆனால், ஒரே நிறுவனத்தின் திட்டங்கள் ஒரே சிந்தனையில் நிர்வகிக்கப்படும் அபாயம் உண்மையானது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் இந்தியாவில் தனது ஆறு கடன் பத்திரத் திட்டங்களை ஒரே நாளில் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவற்றில் ரூ.25,000 கோடிக்கும் அதிகமான மக்கள் பணம் இருந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் எஸ்பிஐ பரஸ்பர நிதி நிறுவனத்தின் மூலம் முதலீட்டாளர்களுக்குப் பணம் தவணைகளாகத் திரும்பக் கிடைத்தது. அந்த ஆறில் மூன்றை வைத்திருந்த ஒருவர் மூன்று இடங்களில் பணம் போட்டிருப்பதாக எண்ணியிருக்கலாம். கொரோனா பொதுமுடக்கத்தின் நடுவே, மூன்றும் ஒரே நாளில் முடங்கின.

ஐந்து திட்டங்கள் வைத்திருப்பவர் அவற்றை இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களுக்கிடையே பிரித்து வைப்பது இந்த அபாயத்தைக் குறைக்கும். அதற்காகப் பத்து நிறுவனங்களை நாட வேண்டியதில்லை.

அதிகமாக வைத்திருப்பதன் விலை

முதலாவது, நல்ல திட்டமும் தொகுப்பில் கரைந்துவிடுகிறது. சம அளவிலான பத்துத் திட்டங்களில் ஒன்பது 12 சதவீதமும் ஒன்று 22 சதவீதமும் லாபம் தந்தால், மொத்த லாபம் 13 சதவீதம் மட்டுமே.

இரண்டாவது, கட்டணம். பல நிதி மேலாளர்களின் தேர்வுகளைச் சேர்த்தால், மொத்தத் தொகுப்பு சந்தைக் குறியீட்டைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கும். குறியீட்டுத் திட்டத்தில் ஆண்டுச் செலவு விகிதம் 0.2 சதவீதம் என்றும், மேலாளர் நிர்வகிக்கும் திட்டங்களில் அது சராசரியாக 1 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், ரூ.10 லட்சம் முதலீட்டில் வித்தியாசம் ஆண்டுக்கு ரூ.8,000. குறியீட்டின் பலனுக்கு மேலாளரின் கட்டணத்தைச் செலுத்துவதாக அது முடிகிறது.

மூன்றாவது, கவனக் குறைவு. பதினைந்து திட்டங்களை ஆண்டுதோறும் ஆராய எவருக்கும் நேரம் இருப்பதில்லை. சில திட்டங்கள் வேறொன்றுடன் இணைக்கப்படலாம், பெயர் மாறலாம், வங்கிக் கணக்கும் கைப்பேசி எண்ணும் மாறியிருக்கலாம். குடும்பத் தலைவர் மறைந்த பின்னர், எங்கெங்கே பணம் உள்ளது என்பதே வாரிசுகளுக்குத் தெரியாமல் போகிறது. பத்து ஆண்டுகளாக முதலீட்டாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத ஃபோலியோக்களைக் கண்டறிய 'மித்ரா' என்ற தேடல் தளத்தை உருவாக்கச் செபி 2025 பிப்ரவரியில் சுற்றறிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்பதே இந்தச் சிக்கலின் அளவை உணர்த்தும். ஒவ்வொரு ஃபோலியோவிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியிருப்பதை உறுதிசெய்வது அவசியம்.

குறைக்க விரும்பினால் எப்படித் தொடங்குவது?

அதிகத் திட்டங்கள் இருப்பதை உணர்ந்ததும் அனைத்தையும் ஒரே நாளில் விற்றுவிடுவது சரியான வழியல்ல. வரியும் வெளியேறும் கட்டணமும் பலனைத் தின்றுவிடக்கூடும்.

1. பான் எண்ணின் அடிப்படையில் வழங்கப்படும் ஒருங்கிணைந்த கணக்கறிக்கையைப் பெற வேண்டும். கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய பதிவாளர் நிறுவனங்களின் தளங்களிலும், எம்எஃப் சென்ட்ரல் தளத்திலும் இது கிடைக்கும்.

2. திட்டங்களை வகைவாரியாகப் பிரித்து, ஒரே வகையில் உள்ளவற்றை அருகருகே எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வேலையை ஒரே வரியில் குறிப்பிட வேண்டும். அப்படி எழுத முடியாதவை வெளியேற்றத்துக்கான பட்டியலில் சேரும்.

3. தேவையற்ற திட்டங்களில் எஸ்ஐபி-யை நிறுத்தி, அத்தொகையை வைத்துக்கொள்ளும் திட்டங்களுக்குத் திருப்ப வேண்டும். எஸ்ஐபி-யை நிறுத்துவதற்கு வரி இல்லை. ஏற்கெனவே உள்ள முதலீடும் தொடரும்.

4. விற்பனையை வரிக்கேற்பப் பகுதிபகுதியாகச் செய்ய வேண்டும். 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குத் திட்டங்களின் லாபத்தில் நிதியாண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். ரூ.3 லட்சம் லாபத்தை ஒரே ஆண்டில் எடுத்தால் வரி ரூ.21,875. மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என இரு நிதியாண்டுகளில் பிரித்தால் மொத்தம் ரூ.6,250. (உபரி வரி தனி. அந்த ஆண்டுகளில் வேறு நீண்டகாலப் பங்கு லாபம் இல்லை என்ற அடிப்படையில் இக்கணக்கு.)

5. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் பத்திரத் திட்டங்களின் லாபம், வைத்திருந்த காலம் எதுவானாலும், தனிநபரின் வருமான வரி விகிதத்திலேயே வரிக்கு உட்படும்.

6. ஒரே நிறுவனத்துக்குள் ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும், ரெகுலர் பிரிவிலிருந்து டைரக்ட் பிரிவுக்கு மாறுவதும் வரிக் கணக்கில் விற்பனையே. வரிச் சேமிப்புத் திட்டங்களில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே மூன்று ஆண்டு முடக்கக் காலம் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும்.

புதிய திட்டம் சேர்க்கும் முன்

அடுத்த பரிந்துரை வரும்போது மூன்று கேள்விகள் போதும். இந்தத் திட்டம் தரும் பங்கோ பத்திரமோ ஏற்கெனவே என்னிடம் உள்ள திட்டங்களில் இல்லாததா? மொத்த முதலீட்டில் குறைந்தது 10 சதவீதத்தையாவது இதில் வைக்க நான் தயாரா? இதைச் சேர்த்தால் எந்தப் பழைய திட்டத்தை விடுவேன்? முதல் இரண்டில் ஏதேனும் ஒன்றுக்கு 'இல்லை' என்பதே பதிலானால், அந்தத் திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்தத் தொகுப்புக்குத் தேவையில்லை.

(குறிப்பு: பரஸ்பர நிதி முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை. இங்கே தரப்பட்டுள்ள கணக்குகள் விளக்கத்துக்கானவை. முதலீட்டு முடிவுக்கு முன் திட்ட ஆவணங்களைப் படிப்பதும், செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்தாலோசிப்பதும் நலம்.)